கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் யாருடையது?

"எங்கட ஆக்களைத் துரத்தின போர்த்துக்கேயர் கட்டின கோயில்தானே அது?"

உயர்தர வரலாற்று வகுப்பில் ஒரு நாள் என் தோழி கேட்ட கேள்வி இது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலைப் பற்றியே அவள் கேட்டாள். வகுப்பில் எவராலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. நான் புதுக்கடையில் பிறந்து வளர்ந்தவள். வுல்பெண்டால் மேட்டைக் கடந்து ஜம்பட்டா வீதி வழியாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் அந்தக் கோயில் வாசலை அடைந்துவிடலாம். இவ்வளவு அருகில் இருக்கும் ஓர் இடத்தின் வரலாறு எமக்குத் தெரியவில்லையே என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதற்கு விடை காண வேண்டுமானால் கொழும்பிலிருந்து ஸ்பெயின் வரை போய்த் திரும்ப வேண்டும்.

கொழும்புக்கு ஸ்பானிய மன்னர்

1505 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததையும், 1543 இல் பிரான்சிஸ்கன் சபைக் குருமார் கோட்டே இராச்சியத்துக்கு வந்து மதப் பணியைத் தொடங்கியதையும் பாடநூல்களில் படித்திருக்கிறோம். கோட்டே மன்னன் தர்மபால 1557 இல் ஞானஸ்நானம் பெற்று, தொன் ஜுவான் என்ற பெயரைச் சூடிக்கொண்டான். 1580 இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னருக்கே எழுதியும் கொடுத்தான்.

அதே 1580 இல் போர்த்துக்கலின் அரச வம்சம் வாரிசின்றி முடிந்துபோனது. பக்கத்து நாடான ஸ்பெயினின் மன்னர் இரண்டாம் பிலிப், போர்த்துக்கலின் முடியையும் தமதாக்கிக்கொண்டார். 1640 வரை அறுபது ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் ஒரே அரசர். எனவே 1597 இல் தர்மபால இறந்தபோது, அவன் எழுதிக்கொடுத்த கோட்டே இராச்சியம் போய்ச் சேர்ந்தது ஸ்பெயினின் பிலிப்பிடம். கப்பலும் படையும் மொழியும் போர்த்துக்கேயருடையவை. ஆனால் கொழும்பின் மன்னர் ஸ்பெயினிலிருந்து ஆண்டார். பிலிப்பீன்ஸ் தீவுகளுக்கு எந்த மன்னரின் பெயர் சூட்டப்பட்டதோ, அதே மன்னர்தான் இவர்.

ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தனர். 1492 இல் கிரானடா வீழ்ந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. அங்கு வாழ்ந்த முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் 'மௌரோ' என்று அழைத்தனர். இலங்கைக்கு வந்தபோது இங்கே அவர்கள் கண்ட முஸ்லிம்களுக்கும் அதே பெயரை வைத்தனர். அதுவே ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வாயில் 'மூர்' ஆகி, எமது பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் வந்துவிட்டது. தமிழில் நாம் 'சோனகர்' என்கிறோம். கொழும்பு பெரிய பள்ளிவாசல் அமைந்திருக்கும் புதுச் சோனகத் தெருவின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில் 'மூர்' என்றே எழுதியிருக்கிறது.

பெயரோடு அந்தப் பகையும் கடல் கடந்து வந்தது. ஸ்பெயினில் கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை, 1609 முதல் 1614 வரை மூன்றாம் பிலிப் நாடு கடத்தினார். அவருடைய மகன் நான்காம் பிலிப்பின் ஆட்சியில், 1626 இல், இலங்கையின் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனோ த சா, தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்.

வெளியேறியவர்கள் கண்டி இராச்சியத்தில் அடைக்கலம் தேடினர். பௌத்த மன்னனான செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான். கிழக்கில் வாழும் எமது சமூகத்தின் வரலாற்றில் இது முக்கியமான ஓர் அத்தியாயம்.

என் தோழியின் கேள்விக்குக் காரணமான வரலாறு இதுதான். ஆனால் கொச்சிக்கடைக் கோயிலின் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

துரத்தியவர்களும் துரத்தப்பட்டனர்

1656 மே மாதம் கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அந்த முற்றுகையை நடத்திய ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹுல்ப்ட், நகரம் வீழ்வதற்கு முந்திய மாதம் போரில் இறந்துபோனார். அவருடைய பெயரால் ஒல்லாந்தர் ஓர் ஊருக்கு 'ஹுல்ப்ட்ஸ்டோர்ப்', அதாவது 'ஹுல்ப்டின் ஊர்' என்று பெயரிட்டனர். அந்த ஊரைத்தான் தமிழர் புதுக்கடை என்றும், சிங்களவர் அளுத்கடே என்றும் அழைக்கிறோம். நீதிமன்றங்களும் கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளும் நிறைந்த எமது ஊரின் பெயருக்குள் ஒரு போர் ஒளிந்திருக்கிறது.

ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. ஆனால் அவர்கள் புரட்டஸ்தாந்துப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் ஸ்பெயின் மன்னருக்கு எதிராக எண்பது ஆண்டுகள் போராடி விடுதலை பெற்றவர்கள். அவர்களுக்குக் கத்தோலிக்கம் எதிரியின் மதம். எனவே இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருமாரை நாடு கடத்தினர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658 இல் கட்டளை பிறப்பித்தனர். ஆலயங்கள் ஒல்லாந்தச் சபையின் கைக்கு மாறின, அல்லது அழிந்தன.

அழிந்தவற்றுள் ஒன்றின் நினைவு எமது அயலிலேயே இருக்கிறது. இன்று வுல்பெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டுப் பகுதியில், போர்த்துக்கேயர் காலத்தில் குவாடலூப்பே மாதாவின் பெயரால் ஓர் ஆலயம் இருந்தது என்பர். குவாடலூப்பே, ஸ்பெயினின் புகழ்பெற்ற மாதா திருத்தலம். அந்தச் சொல்லின் முதற்பகுதி, பள்ளத்தாக்கு அல்லது ஆறு எனப் பொருள்படும் 'வாதி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயினின் பெரிய ஆறான குவாதல்கிவிரின் பெயரும் 'அல்-வாதி அல்-கபீர்' என்பதன் திரிபே. குவாடலூப்பே என்பதன் பிற்பகுதிக்கு ஓநாய் என்பது பலரும் கூறும் பொருள். ஒல்லாந்தர் இதைத் தம் மொழியில் 'வுல்பெண்டால்', அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு என ஆக்கிக்கொண்டனர் என்பது ஒரு விளக்கம். அங்கே திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று தவறாக எண்ணியே அப்பெயரை வைத்தனர் என்பது மற்றொரு விளக்கம். இலங்கையில் ஓநாய்கள் இல்லை என்பதால் இரண்டையுமே யோசித்துப் பார்க்கலாம். முதல் விளக்கம் சரியானால், முஸ்லிம் ஸ்பெயினின் ஓர் அரபுச் சொல்லும் எமது பேருந்துத் தரிப்பிடத்தின் பெயரோடு சேர்ந்து பயணம் செய்கிறது. அந்த மேட்டில் 1749 இல் தொடங்கி 1757 இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த தேவாலயம் இன்றும் இருக்கிறது.

பிச்சைக்காரர் வேடத்தில் வந்த குரு

மதம் தடை செய்யப்பட்டது, குருமாரும் இல்லை. அந்த நிலையில் முப்பது ஆண்டுகள் கழிந்தன. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், மரணப் படுக்கையில் இருப்பவருக்காகச் செபிக்கவும் ஆளில்லாமல் மக்கள் தவித்தனர். அவர்களைத் தேடி வந்தவர் ஐரோப்பியர் அல்லர். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற இந்தியக் குருவே அவர்.

1687 இல் அவர் தூத்துக்குடியிலிருந்து தோணியில் புறப்பட்டு, ஏழைக் கூலியாளைப் போல உடை தரித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வீடு வீடாகப் பிச்சை கேட்பவரைப் போலச் சென்று கத்தோலிக்கக் குடும்பங்களை அடையாளம் கண்டார். தமிழ் பேசினார், இரவில் வழிபாடு நடத்தினார். ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் 1692 இல் கண்டிக்குச் சென்றார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையிலடைக்கப்பட்டார். பின்னர் உண்மை நிலையை அறிந்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விடுவித்து, மதப் பணி செய்யவும் அனுமதி கொடுத்தான். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, வாஸ் அடிகளார் கைவிடப்பட்ட நோயாளிகளை எடுத்துப் பராமரித்தார். 1711 இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தது எம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கத்தோலிக்கப் படையால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 1626 இல் இடம் கொடுத்தது கண்டி இராச்சியம். ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்குப் பின்னாளில் இடம் கொடுத்ததும் அதே கண்டி இராச்சியம். இரு மன்னர்களும் பௌத்தர்கள். கண்டியின் தவாளப் போக்குவரத்திலும் மருத்துவத்திலும் பணி செய்த முஸ்லிம்களும், ஒளிந்து வந்த கத்தோலிக்கக் குருமாரும் ஒரே அரசனின் நிழலில் வாழ்ந்திருக்கிறார்கள்.

கொச்சிக்கடையில் ஒரு மண் கோயில்

வாஸ் அடிகளாரின் வழியில் கோவாவிலிருந்து மேலும் பல குருமார் வேடமிட்டு இலங்கைக்கு வந்தனர். கொச்சிக்கடைக் கோயில் அவர்கள் காலத்துக்குரியது. அதன் தொடக்கத்தைப் பற்றி அங்கே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை பின்வருமாறு:

அந்தோனியோ என்ற குரு, வியாபாரி வேடத்தில் புறக்கோட்டைப் பகுதியில் தங்கியிருந்தார். பகலில் வியாபாரி, இரவில் குரு. செய்தி ஒல்லாந்தருக்கு எட்டியதும் அவர் முகத்துவாரத்தை நோக்கி ஓடினார். வழியில் கொச்சிக்கடை மீனவர்கள் அவரைக் கண்டனர். அந்நாட்களில் கடல் அவர்களது குடியிருப்பை அரித்துக்கொண்டிருந்தது. "கடலைத் தடுக்க உமது இறைவனிடம் வேண்டும். தடுத்துவிட்டால் நாங்கள் உம்மைக் காப்பாற்றுவோம்" என்ற பொருளில் அவர்கள் கேட்டனர். குரு கரையில் ஒரு சிலுவையை நட்டு மூன்று நாட்கள் செபித்தார். கடல் பின்வாங்கி மணல்திட்டு ஒன்று தோன்றியது. இதைக் கண்ட ஒல்லாந்தரும் அவரை அங்கே வாழ விட்டனர். அவர் அந்த இடத்தில் களிமண்ணால் ஒரு சிறு கோயிலைக் கட்டி, பதுவா நகர்ப் புனித அந்தோனியாரின் பெயரைச் சூட்டினார். இறந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அற்புதங்களைப் பற்றிய நம்பிக்கை அவரவர் மதத்துக்குரியது. அதை நம்ப வேண்டும் என்றோ மறுக்க வேண்டும் என்றோ நான் எழுதவில்லை. வரலாற்று மாணவியாக அந்தக் கதையில் நான் காண்பது வேறு. ஓடி வந்தவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தவர்கள், கையில் எதுவுமில்லாத மீனவர்கள். அவர்களது குடிசைகளையே கடல் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அவர்கள் காத்த குருவுக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை, எந்த மன்னரும் இல்லை.

கொச்சிக்கடை என்ற பெயரும் கவனிக்கத்தக்கது. கேரளக் கரையின் கொச்சிப் பட்டினத்தின் பெயர் அதில் இருக்கிறது. புதுக்கடை, கொச்சிக்கடை என இரண்டிலும் 'கடை' இருப்பது இது வணிகர் நடமாடிய நகரம் என்பதைக் காட்டுகிறது. அந்தக் கடைத்தெருக்களில் எமது முன்னோரும் இருந்தனர். ஆனால் ஒல்லாந்தர் அவர்களையும் நிம்மதியாக விடவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடு, நிலம் உரிமையாக வைத்திருக்கத் தடை இருந்தது. அது 1832 இல் ஆங்கிலேயர் காலத்திலேயே நீங்கியது.

1806: ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்கள் 1806 இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் கொச்சிக்கடையின் சிறு கோயில் பெரிதாக்கப்பட்டது. ஒளிந்து வாழ்ந்த மதம் வெளியே வந்து மூச்சு விட்டது.

அதே 1806 இல்தான் கொழும்பு மாகாண முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை பற்றிய வழக்கங்களும் சட்டக் கோவையாகத் தொகுக்கப்பட்டன. இன்று முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பற்றி எமது வீடுகளில் நடக்கும் உரையாடல்களுக்கு மூலவேர் அங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கரின் வழிபாட்டுரிமையும் முஸ்லிம்களின் தனியார் சட்டமும் ஒரே ஆண்டில் அரசாங்கத்தின் ஏட்டில் ஏறின என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1822 இல் கோவாவிலிருந்து புனித அந்தோனியாரின் சுரூபம் ஒன்று கொண்டுவரப்பட்டது. பீடத்தில் இன்றும் அது இருக்கிறது. 1828 இல் இப்போதுள்ள கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1834 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 13 ஆம் திகதி திருவிழா. 1231 இல் அந்தோனியார் இத்தாலியின் பதுவா நகருக்கு அருகில் இறந்த நாள் அது. பதுவா அந்தோனியார் என அழைக்கப்பட்டாலும், அவர் பிறந்தது போர்த்துக்கலின் லிஸ்பனில்.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் இது ஒரு மதத்தவரின் இடம் மட்டும் என்று சொல்ல முடியாது. தமிழரும் சிங்களவரும், பௌத்தரும் இந்துக்களும் வருகிறார்கள். கொச்சிக்கடையிலேயே கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயமும் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் தமது ஆலயத்தையும் 'கோயில்' என்றே சொல்வர். சிங்களத்தில் கிறிஸ்தவ ஆலயத்துக்கும் எமது மஸ்ஜிதுக்கும் 'பள்ளிய' என்ற ஒரே சொல். எமக்கோ பள்ளி என்றால் தொழும் இடமும் ஆகும், படிக்கும் இடமும் ஆகும். கொழும்பு நகரத்தில் சொற்கள் மதில் கட்டிக்கொண்டு வாழவில்லை.

2019 ஏப்ரல் 21

அன்று உயிர்த்த ஞாயிறு. நான் அப்போது தரம் ஆறில் படித்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணியாகும் முன்பே அம்புலன்ஸ் ஒலி கேட்கத் தொடங்கியது. கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் ஆகிய மூன்று ஆலயங்களிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்று தெரிந்தபோது, உம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அத்தாக்குதலைக் கண்டித்ததோடு, தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை ஏற்கமாட்டோம் என்றும் அறிவித்தது. ஆயினும் அடுத்த மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பேருந்தில் என் பர்தாவைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து போனதை நான் மறக்கவில்லை. அதே வேளையில், தம் மக்களை அடக்கம் செய்துகொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் மறக்கக் கூடாது. கடற்படையினரின் உழைப்பால் திருத்தப்பட்ட கொச்சிக்கடைக் கோயில், ஜூன் 12 ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், மீண்டும் திறக்கப்பட்டது.

வணக்கத் தலங்களை அழிப்பதற்கு இஸ்லாத்தில் இடமில்லை. சூரத்துல் ஹஜ்ஜின் 40 ஆவது வசனம் அல்லாஹ்வின் பெயர் நினைவுகூரப்படும் இடங்களைப் பற்றிக் கூறும்போது, பள்ளிவாசல்களோடு துறவியர் மடங்களையும் கிறிஸ்தவ, யூத ஆலயங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. இதை அறியாதவர்கள் செய்த பாவத்தின் சுமையை, அதைச் செய்யாத பிள்ளைகளும் பேருந்தில் சுமக்க வேண்டியிருந்தது.

தோழிக்கு என் விடை

இனி அவளது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோயில் எம்மைத் துரத்தியவர்கள் கட்டியது அல்ல. ஸ்பானிய மன்னரின் கீழிருந்த போர்த்துக்கேயர் எமது முன்னோரை வெளியேற்றியது உண்மை. அதை மறைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். ஆனால் அவர்கள் கப்பலேறிப் போனபின், அவர்களது மதத்தைத் தமதாக்கிக்கொண்ட இந்த மண்ணின் ஏழை மக்கள் நூற்றைம்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தனர். அவர்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் எம்மைப் போன்ற நிறமுடைய இந்தியக் குருமார். கொச்சிக்கடைக் கோயில் அந்த மக்களுடையது. 1626 இன் கணக்கை அவர்கள் பெயரில் எழுதுவது, 2019 இன் கணக்கை என் பெயரிலும் உன் பெயரிலும் எழுதுவதைப் போன்றது.

இதை நான் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அப்ப உள்ளுக்குப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

போகலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். வழிபாட்டு நேரம் அல்லாத வேளையில், பெற்றோருடனோ ஆசிரியையுடனோ, அமைதியாகச் சென்று பார்க்கலாம். கோயிலோடு சிறிய நூதனசாலையும் உண்டு. எமது கல்லூரி வரலாற்று மன்றம் இவ்வாண்டு ஒரு கள ஆய்வு செய்ய விரும்பினால், தூர இடங்களுக்குப் பேருந்து பிடிப்பதற்கு முன் புதுக்கடையிலிருந்து கொச்சிக்கடைக்கு ஒரு நாள் நடந்து பார்க்கலாம். பெரிய பள்ளிவாசலில் தொடங்கி, வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்து, பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைக் கடந்து, அந்தோனியார் கோயில் வாசலில் முடியும் அந்த நடை, பாடநூலின் பல பக்கங்களைக் கண்முன் கொண்டுவரும்.